கை நுழையாத இடத்தில் ஒரு பெல்ட்

பெல்ட் மாற்றுவது பத்து நிமிஷ வேலை. பெல்ட் இருக்கிற இடத்துக்குக் கை போய்ச் சேர்வதுதான் அரை நாள் வேலை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் காரைக்காலில் கார் மெக்கானிக்காக இருந்த எனக்கு, விரல் முட்டிகளில் தோல் முழுசாக இருந்த வாரம் ஒன்றுகூட ஞாபகமில்லை. ஃபேன் பெல்ட் அறுந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் சுற்றாது, கொதித்துவிடும். அதை மாட்டிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். மற்றவர்கள், பீரோவுக்குப் பின்னால் விழுந்த சாவியைத் துழாவி எடுத்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மதாமின் கை

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கிய பெரியவர் ஒருவர், கப்பலில் கொண்டுவந்த சின்னக் கார் ஒன்றை வைத்திருந்தார். அதில் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே என் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. ரேடியேட்டரைக் கழற்றலாம் என்றால் பழைய ரப்பர் குழாய் உடைந்துவிடும். மாற்றுக் குழாய் பாண்டிச்சேரியில்கூடக் கிடைக்காது. காலையிலிருந்து மத்தியானம்வரை முயன்று, முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஊரார் மதாம் என்று கூப்பிடும் அவருடைய மனைவி, காபி கொண்டுவந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வளையல்களைக் கழற்றினார். "உனக்கு எதுக்கு இது? கிரீஸ் படும்" என்றார் பெரியவர். அந்த அம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் வண்டிக்கு அடியில் படுத்து வழி சொல்லச் சொல்ல, ஃபேனின் ஒவ்வொரு இறக்கையாக பெல்ட்டைத் தாண்டவைத்து, கப்பியில் உட்காரவைத்துவிட்டார். இன்ஜின் ஓடியதும் கறுத்த கையைத் துடைக்காமலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா பின்சீட்லதான் உக்காத்தி வெச்சிருந்தாரு. இதுக்குள்ள இவ்வளவு இருக்கா!"

கண்ணை மூடிக்கொண்டு

குறுகலான இடத்தில் எட்டிப் பார்த்துப் பயனில்லை. கண்ணை மூடிக்கொண்டால் விரலுக்குக் கொஞ்சம் பார்வை வரும். ஒருநாள் அப்படி வேலை செய்துகொண்டிருந்தபோது, காரில் வந்திருந்த பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மா, "தூங்குறீங்களா?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன்.

"நாங்களும் அப்படித்தாங்க. எங்க வேலையிலயும் விரலுக்குத்தான் முதல்ல தெரியும்."

முடிச்சில்லாத கயிறு

ஒரு மத்தியானம் டாக்சி டிரைவர் மாணிக்கத்தோடு திருவேட்டக்குடிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தேன். வழியில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணையும் அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டோம். கோட்டுச்சேரித் திருப்பத்துக்குக் கிட்டே பெல்ட் அறுந்துவிட்டது. மாற்று பெல்ட் இல்லை. பஸ் வர நேரமிருந்தது. அந்தப் பெண் முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சைக்கிளில் நைலான் கயிற்றுச் சுருளோடு அஞ்சப்பன் என்ற மீனவர் வந்தார். பெல்ட்டுக்குப் பதிலாக மாட்டக் கயிற்றை வாங்கி நான் முடிச்சுப் போடப் போனேன். "முடிச்சு நிக்காதுங்க, தட்டித் தட்டி அவுந்துரும்" என்று பிடுங்கிக்கொண்டார். புரிகளைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து, நுனியே தெரியாத வளையமாக்கிக் கொடுத்தார். அதை மாட்டி, இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, மெதுவாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

மூன்றாம் நாள், நைந்துபோன கயிற்றுக்குப் பதில் புதுக் கயிறு வாங்கிக்கொண்டு அஞ்சப்பனைத் தேடிப் போனேன்.

"கயிற யாருங்க கேட்டா? அந்தப் பொண்ணு என்ன ஆச்சோன்னு ரெண்டு நாளா எனக்கு வலையில கை ஓடலை."

இறுக்கம்

அந்தப் பயம் எனக்குப் போகவில்லை. இனி அறுந்துபோகவே கூடாது என்று மாணிக்கத்தின் வண்டிக்குப் புது பெல்ட்டை வழக்கத்தைவிட இறுக்கி மாட்டினேன். பெல்ட் அறுந்துபோகவில்லை. ஆனால் அந்த இழுப்பைத் தாங்காமல் சில வாரத்தில் தண்ணீர் பம்பின் பேரிங் நொறுங்கிவிட்டது. நொறுங்கிய இடம் சிதம்பரம். வண்டியில் இருந்தவர் திருமலைராயன்பட்டினத்து ஹபீப். சவுதி வேலைக்காக மெட்ராஸில் விமானம் பிடிக்கப் போனவர். விமானம் போய்விட்டது. வேலையும் போயிற்று.

பழி மாணிக்கத்தின் மேல் விழுந்தது. ஹபீபின் ஊரில் ஒருவரும் அவர் டாக்சியைக் கூப்பிடவில்லை. பம்பைக் கழற்றிய அன்றே எனக்கு விஷயம் தெரியும். மாணிக்கம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நாலு நாள் தள்ளிப்போட்டுவிட்டு, ஹபீப் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னுது, பாய். பெல்ட்ட நான்தான் ஜாஸ்தியா இறுக்கிட்டேன்" என்றேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். சரி, அவ்வளவுதான் என்று திரும்பியபோது வாசலுக்கு வந்தார். அடுத்த வருஷம் வேறு விசா கிடைத்தபோது அவர் மாணிக்கத்தின் டாக்சியைத்தான் கூப்பிட்டார். ஆனால் அன்று வாசலில் நின்று சொன்னது இவ்வளவுதான்:

"நீங்க சொல்லலைன்னா அந்த டிரைவரை ஆயுசுக்கும் திட்டிக்கிட்டிருந்திருப்பேன். சொல்லிட்டீங்க, இப்ப உங்களைத் திட்டவும் வாய் வரமாட்டேங்குது."

சரியாக மாட்டிய பெல்ட்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை என்பதால், என் தொழில் அனுபவம் என்று எழுத உட்கார்ந்தால் மாட்ட முடியாததும் அறுந்ததும் நான் கெடுத்ததும்தான் மிஞ்சுகிறது.