கிராணிக்கு ஒரு வசனம்

தொலைக்காட்சி நாடகங்களுக்குத் திரைக்கதை எழுதிய என் நண்பர் போன வருடம் காலமானார். கம்பளித் தொப்பி, சிறு தொப்பை, பெரிய சிரிப்பு. யார் பேசினாலும் குறிப்பெடுப்பார். என் கல்யாணத்தில் மாமியார் சிடுசிடுத்ததுகூட அவருடைய அடுத்த நாடகத்தில் வந்துவிட்டது.

ஒருமுறை ரிங்லெட் மலையூரின் பேருந்து நிறுத்தத்தில், தேயிலை பறிக்கும் அக்கா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் பட்டமளிப்பு விழா. தோட்டத்தில் கணக்கும் ஆள்வரவும் பார்க்கும் கிராணி லீவு தரவில்லையாம்.

“நீங்க என்னா சொன்னீங்க?” என்றார் நண்பர்.

“வார்த்தையே வரல தம்பி.”

“வரும் லா. இவர்தான் கிராணின்னு நெனச்சுத் திட்டுங்க!” என்று என்னை முன்னால் தள்ளினார்.

அக்கா தயங்கித்தான் தொடங்கினார். “இருபது வருசமா மழையிலயும் கொழுந்து எடுத்தேன். எம்புள்ள மேடை ஏறுறத நான் பாக்க வேணாமா?”

குரல் ஏற ஏற எனக்கு வியர்த்தது. “லீவு எடுத்துக்கங்கக்கா!” என்று கத்திவிட்டேன். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

நண்பர் அந்தப் பேச்சை எழுதி, தாளைக் கிழித்து அக்காவிடமே கொடுத்தார். மறுநாள் அக்கா அதைக் கிராணியிடம் அப்படியே சொல்ல, லீவு கிடைத்துவிட்டது.

“நாடகத்துல வச்சிருக்கலாமே?” என்று பிறகு கேட்டேன்.

“அது அக்காவோட வசனம் லா. நான் எடுத்தா திருட்டு.”

ஊரார் பேச்சை அள்ளியே எழுதிய மனிதருக்கு அன்று மட்டும் அது எப்படித் திருட்டாகத் தெரிந்தது? கேட்காமலே விட்டுவிட்டேன்.