எண்ணக்கூடாத மந்தை

நைரோபியில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி. அங்கே பத்தொன்பது வருஷம் இழப்பீட்டு மனுக்களைப் பார்த்து, பாதிக்கு மேல் திருப்பி அனுப்பியவள் மும்புவா. நாற்பத்தைந்தாவது வயதில் அந்த நாற்காலியை உதறிவிட்டு, கேமராவும் கையுமாக மாசாய் மாட்டுக்காரர்களின் மேய்ச்சல் காட்டுக்கு வந்துவிட்டாள்.

"மாசம் பொறந்தா சம்பளம். அதை விட்டுட்டு சிங்கத்துக்குப் பின்னால போறாளாம்" என்று அவள் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

போனாள்தான். மூன்று வருஷமாகக் காது கிழிந்த ஒரு பெண்சிங்கத்தின் பின்னால் ஜீப்பில் அலைந்தாள். படங்கள் நன்றாக விற்றன. தன் சாப்பாடு போக மிச்சமெல்லாம் ஒரே காரியத்துக்கு: சிங்கம் யார் மாட்டை அடித்தாலும் அவர்களுக்கு வேறு மாடு கொடுப்பாள். பதிலுக்கு அவர்கள் ஈட்டி எடுக்கக் கூடாது.

அன்று காலை, காது கிழிந்தவள் முள்வேலி தாண்டிக் கொய்காய் என்ற கிழவரின் பட்டியில் ஒரு பசுவை அடித்துவிட்டாள் என்று சேதி வந்தது. மும்புவா போய் இறங்கியபோது வாசலில் நான்கு இளைஞர்கள் ஈட்டியோடு நின்றார்கள். கிழவர் கொய்காய் தலையசைத்தால் போதும், மத்தியானத்துக்குள் சிங்கத்தின் கதை முடிந்துவிடும். பாறை இடுக்கில் அதற்கு மூன்று குட்டிகள். பயத்தில் பழைய பழக்கம் முந்திக்கொள்ள, மும்புவா நோட்டைத் திறந்தாள்.

"பெரியவரே, உங்ககிட்ட மொத்தம் எத்தனை மாடு?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மந்தையை யாராவது எண்ணினால் மாடு சாகும் என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"எண்ணிச் சொல்றேன். மிச்சத்தையும் வந்து தின்னச் சொல்லு" என்றார் கொய்காய். இளைஞர்கள் ஈட்டியைத் தோளில் ஏற்றினார்கள்.

மும்புவா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சாணித் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். "தப்புதான். செத்தது யாரு, அதைச் சொல்லுங்க."

"நாடோ. செவலை. இடது கொம்பு கீழே வளைஞ்சிருக்கும்."

அவளுக்குத் தெரியும் அந்தக் கொம்பை. எந்தப் படத்தையும் அழிக்காத பழக்கம் அன்று கைகொடுத்தது. கேமராவில் தேடி எடுத்து நீட்டினாள். மாலை வெயிலில் நாடோ திரையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

கிழவர் வெகுநேரம் பார்த்தார். "இவளை எதுக்கு எடுத்தே?"

"நான் எடுக்கல. சிங்கத்தை எடுக்கப் போனேன், இவ குறுக்கே வந்துட்டா. நல்லாத் திட்டினேன்."

கொய்காய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் நிறைந்தது. "அவ அப்படித்தான். என் கல்யாணப் பேச்சுக்கே குறுக்கே வந்து நின்னவளோட பேத்தி." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மாடும் வேணும், இந்தப் படமும் வேணும்."

"ரெண்டும் தரேன்."

"காது கிழிஞ்சவளுக்கு என்ன பேரு வச்சிருக்கே?"

மும்புவா தயங்கினாள். கம்பெனியில் கோப்புகளுக்கு இட்டதுபோலத்தான் இங்கே சிங்கங்களுக்கும் இட்டிருந்தாள்.

"பேரு இல்ல. ஏழாம் நம்பர்."

கிழவரின் முகம் கறுத்தது. இளைஞர்களிடம் திரும்பி, ஈட்டியை வைத்துவிட்டு வேலிக்கு முள் வெட்டப் போகச் சொன்னார். பிறகு இவளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"குட்டிக்காரியை எண்ணியா வச்சிருக்கே? செத்துப்போவா தாயி. முதல்ல ஒரு பேரை வை."