வேன் அக்கா இரண்டு முறை விழுந்த கதை

வேன் அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவரை ஒரு மேசையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். படுக்க வைத்து, பெல்ட் போட்டு, மேசையையே மெல்ல நிமிர்த்தி, எப்போது மயங்குகிறார் என்று பார்க்கும் சோதனை அது.

“தம்பி, என் வேன்ல இருக்கிற பெல்ட்டுகூட இவ்வளவு இறுக்கம் கிடையாது” என்றார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவருக்குக் கண் செருகிவிட்டது. மேசையைத் தாழ்த்தியதும் விழித்து, “பாஸா?” என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மயக்க ஆராய்ச்சிப் பிரிவில் பதிவாளர் வேலை. “மயக்கத்துல என்னடா ஆராய்ச்சி, தண்ணி தெளிச்சா எந்திரிச்சிருவான்” என்று அப்பா இன்றும் சொல்கிறார். மாத்திரையில்லாமல் மயக்கத்தைத் தடுக்க முடியுமா என்பதே எங்கள் ஆராய்ச்சி. கண் இருட்டத் தொடங்கியதும் காலைக் குறுக்காகப் பின்னி, தொடையையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். கடைவாசலில் இரண்டு தடவை சுருண்டு விழுந்ததும் பள்ளிக்கூடத்தில் சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். ஆறு மாதம் ஒருமுறைகூட விழாமல் இருந்தால், வேன் ஓட்டலாம் என்ற கடிதத்தில் எங்கள் பிரிவு டாக்டரம்மா கையெழுத்துப் போடுவார். சாவி திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் வேன் வேறு ஆளுக்கு.

தினமும் நிரப்ப ஓர் அட்டை கொடுப்போம். ‘இன்று விழுந்தீர்களா? எத்தனை முறை?’ எதிரே தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம். எழுதுவது என்றால் அக்காவுக்கு அலர்ஜி. அவர் வீட்டுக்காரர், தையல்கார மாமாதான் எழுதுவார். துணியில் அளவு குறித்துப் பழகிய கை. ஒவ்வோர் எழுத்தும் பொத்தான் பெரிசு.

ஐந்து மாதமும் வரிசையாக ‘இல்லை’, ‘இல்லை’. ஆறாம் மாதக் கடைசி வாரத்தில் ஒரு கட்டம் முழுக்க ‘விழுந்து விழுந்து’ என்று இருந்தது. படித்தவன் அல்லவா நான்? எண்ணிப் பார்த்து, கணினியில் ‘இரண்டு’ என்று அடித்தேன்.

டாக்டரம்மா கடிதத்தைக் கையெழுத்துப் போடாமலே இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அக்கா மாமாவை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“நான் விழுந்தேனா? எப்ப?”

“இருபத்தேழாந்தேதிக்கா. ரெண்டு தடவை. மாமா எழுத்துதான்.”

அக்கா திரும்பிய வேகத்தில் மாமா ஓரடி பின்வாங்கினார்.

“யோவ், என்னத்தய்யா எழுதித் தொலைச்ச?”

“நீ சிரிச்சதத்தான்டி எழுதினேன். விழுந்து விழுந்து சிரிச்சேல்ல? கட்டத்துல இடம் பத்தல. மிச்சத்தைப் பின்னாடி எழுதியிருக்கேன்.”

அட்டையைத் திருப்பினேன். ‘சிரித்தாள்’ என்று பின்பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

டாக்டரம்மா லேசில் விடவில்லை. “அப்படி எதுக்குச் சிரிச்சாங்க?”

மாமா நைசாக வாசல் பக்கம் நகர்ந்தார்.

“சொல்லுய்யா, என் பொழப்பே போகப்போவுது!”

“இவ காலைப் பின்னிக்கிட்டு நிக்கிறதைப் பார்த்தேன் டாக்டர். இதென்ன பெரிய வித்தைன்னு நானும் பின்னினேன். பின்னிட்டேன், பிரிக்கத்தான் வரல. அப்படியே துணி அலசுற தொட்டிக்குள்ள உட்கார்ந்துட்டேன்.”

“உட்கார்ந்தாராம்! காலு ரெண்டும் மேல, தலை உள்ள!”

“அப்ப விழுந்தது நீங்களா?”

“ஒரே ஒரு தடவைதான் டாக்டர்.”

டாக்டரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எங்கள் பிரிவில் பதிவை அழிக்கக் கூடாது; மாற்றினால் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ‘விழுந்தவர் கணவர். நோயாளி சிரிக்க மட்டும் செய்தார்’ என்று எழுதி, நான்தான் கையெழுத்திட்டேன். இழுப்பறையிலிருந்த கடிதத்தில் டாக்டரம்மா கையெழுத்திட்டார்.

இப்போது வேன் அக்கா தினமும் காலை ஏழரைக்குப் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். கண் இருட்டினால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் காலைப் பின்ன வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. இதுவரை ஓரங்கட்ட நேரவில்லை.