செகேசாய் நாய் கேட்கப் போன கதை

செகேசாயின் நாய்க்கு விஷம் வைத்தது யார் என்று மரொண்டெரா நகரத்தின் ஓரத்தில் இருக்கும் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அவளுடைய கொழுந்தன் ஓபர்ட், நாயைப் புதைத்த அன்று மாலையே வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனான். நெஞ்சழுத்தத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா!

புருஷன் ஜோசியா போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம்தான் கழிந்திருந்தது. பிள்ளை இல்லை. பிள்ளை பெறாதவளுக்கு அண்ணன் கட்டிய வீடு எதற்கு என்பது ஓபர்ட்டின் கட்சி. பொழுது சாய்ந்தால் கூரைத் தகரத்தில் கல் விழும். நாய் போன பிறகு கதவையும் யாரோ பிடித்து உலுக்குவார்கள். பேருந்து நிலையத்தில் நாளெல்லாம் கருவாடு விற்றுவிட்டு வருகிறவள், அடுப்பு மூட்டவும் பயந்து கோடரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாய் இருந்தவரை ஒருவனும் வேலியைத் தாண்டியதில்லை. நாய் போயிற்று, அடுத்து வீடும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தெருவில் குட்டி வைத்திருந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஓபர்ட்டின் பகை யாருக்கு வேண்டும்? நகரத்துக்கு வெளியே பழைய பண்ணை ஒன்றில் திருமதி ஹாலட் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி அநாதை நாய்களை வைத்திருக்கிறார், கேட்டால் கொடுப்பார் என்று சந்தையில் யாரோ சொன்னார்கள். செகேசாய் சர்ச்சுக்குப் போடும் உடுப்பை உடுத்திக்கொண்டு வேன் ஏறினாள்.

வாசலை எட்டுவதற்கு முன்பே நாற்றம் மூக்கைத் துளைத்தது. கூண்டுக்குக் கூண்டு நாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தண்ணீர்ச் சட்டிகளில் பாசி. ஒரு மூலையில் செத்த குட்டியைத் தாய் நக்கிக்கொண்டிருந்தது. நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப்பலகைக்கு மட்டும் புதுப் பெயின்ட். இதற்குப் பெயர் காப்பகமாம்!

அங்கே இருந்த ஒரே வேலையாள் லாசரஸ் வாளியும் கையுமாக வந்தான்.

"தண்ணியையாவது மாத்தக் கூடாதாப்பா?" என்றாள்.

"பம்பு போயி எத்தனையோ நாளாச்சுக்கா. ஒத்தை ஆளா நான் எத்தனைக்குத் தூக்குறது? அந்தம்மா புதுசு புதுசாக் கொண்டாந்து அடைக்கிறாங்க. வெளிய ஒண்ணையும் விடமாட்டேங்கிறாங்க."

"ஏன்?"

"வர்றவங்க யாரையும் அவங்களுக்குப் பிடிக்காது. இங்கதான் எல்லாம் பத்திரமா இருக்காம்."

கடைசிக் கூண்டில் காது கிழிந்த ஒரு செம்மண் நிறப் பெட்டை எழுந்து நின்று அவளைப் பார்த்துக் குரைத்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம், ஆனாலும் குரலில் கனம் இருந்தது. செகேசாய்க்குக் கண் நிறைந்துவிட்டது.

"இதுதான். இதைத்தான் கொண்டு போவேன்."

திருமதி ஹாலட் வந்ததும் செகேசாய் மண்டியிட்டு, கைகளைக் குவித்து மெல்லத் தட்டி வணக்கம் சொன்னாள். கெட்ட மனுஷி இல்லை அந்தம்மா. கம்பளிச் சட்டை முழுக்க நாய்மயிர், கண்ணில் தூக்கமில்லை. வேலி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. என்ன சாப்பாடு போடுவாய்? நான் தின்கிற சோளக்களிதான், கருவாட்டுத் தலையோடு. அந்தம்மா சிரித்தேவிட்டார்.

"பேரு என்ன வைப்பீங்க?"

எங்கள் பக்கம் நாய்க்கு வைக்கிற பெயர் நாய்க்கானது அல்ல, அக்கம்பக்கத்தாருக்கானது. நேரில் சொன்னால் அடிதடி ஆகிவிடும். நாயைக் கூப்பிடுகிற சாக்கில் முற்றத்தில் நின்று கத்தினால் எவனும் வந்து ஏன் என்று கேட்க முடியாது. பதில் சொல்ல வேண்டுமானால் அவனும் ஒரு நாயை வளர்த்துப் பெயர் வைக்கட்டும்.

"முச்சனெட்டா," என்றாள் செகேசாய். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது.

"நல்லா இருக்கே. என்ன அர்த்தம்?"

லாசரஸ் முந்திக்கொண்டான். "அது ஒரு பூவும்மா."

அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ரோஷக்காரி, முடியவில்லை.

"பூவும் இல்ல, கீவும் இல்ல. நீங்கதான் ஓய்ஞ்சு போவீங்கன்னு அர்த்தம். என் கொழுந்தனுக்குச் சொல்றது. கல்லெறிஞ்சு எறிஞ்சு அவன் கைதான் ஓயும். முன்னாடி இருந்த நாயை விஷம் வெச்சுக் கொன்னான். இதையும் கொல்றானான்னு பாத்துடுறேன்!"

திருமதி ஹாலட்டின் முகம் மாறிவிட்டது. "விஷம் வெச்ச வீட்டுக்கா இன்னொண்ணு கேக்குறீங்க? உங்க சண்டைக்கு என் நாயா?"

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

"ராணின்னு கூப்பிடுறேம்மா. இல்ல, நீங்க சொல்ற பேரை வைக்கிறேன். வீட்டுக்குள்ளேயே படுக்க வெச்சுக்கிறேன். அது இல்லாம நான் அங்க இருக்க முடியாதும்மா."

"மன்னிச்சுடுங்க. தர முடியாது."

"இங்க செத்துப்போகும்மா அது!"

"இங்கதான் அதுக்குப் பாதுகாப்பு," என்று சொல்லிவிட்டு அந்தம்மா நடந்தார். செத்த குட்டி கிடந்த கூண்டைக் கடந்துதான் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

"பூன்னு சொல்லிக் காப்பாத்தி விட்டேனேக்கா," என்று லாசரஸ் தலையில் அடித்துக்கொண்டான். செகேசாய் மண் ஒட்டிய முட்டியைக்கூடத் தட்டாமல் வெளியே வந்தாள்.

வீடு சேரும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஓபர்ட்டின் முற்றத்தில் நாலைந்து பேர் பீர்ப் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் களி கிண்டினாள். தட்டில் போட்டு, கருவாட்டுத் தலை ஒன்றை மேலே வைத்து, தின்ன நாய் இல்லை என்பது வேலிக்கு அந்தப் பக்கம் தெரியாதபடி வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். பிறகு தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"முச்சனெட்டா! வா! முச்சனெட்டா!"

வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. தெருவே காதைத் தீட்டிக்கொண்டது. அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள். இந்தத் தரம் குரல் பாதியில் உடைந்துபோயிற்று.

"அண்ணி," என்றான் ஓபர்ட், பாசமாக. "நல்ல பேரா வெச்சிருக்கீங்க. ஒரு தடவை குரைக்கச் சொல்லுங்களேன், கேப்போம்."

அவள் நின்றாள். அவனும் பொறுமையாகக் காத்திருந்தான். தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. அதன்பின் வேலிக் கம்பியை விலக்கும் சத்தம் கேட்டது.