பிறந்தபோது எந்த நாடு?

2005 மே 10, காலை 8.10. ஒஸ்லோவின் அம்மருட் நிலையத்தில் ரயிலேறினோம். டிக்கெட் இருபது குரோனர். சுரங்க ரயில் என்கிறார்கள், பாதி வழி வெயிலில்தான் ஓடுகிறது. என் சித்தப்பா மகள் கமலா நோர்வேக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். துணைக்கு நானும் அவள் மகள் துளசியும்.

துளசிக்கு மறுநாள் வகுப்பில் உரை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன், 1857இல், விடுதலை கேட்டு வழக்காடிய ஓர் அடிமைக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புதான் தலைப்பு. மதுரையில் இருபது வருடமாகச் சட்டம் நடத்துபவன் விடுவேனா?

“கறுப்பினத்தவர் குடிமக்களே இல்ல, அதனால வழக்குப் போடவே உரிமை இல்லைன்னுட்டாங்கம்மா” என்று துளசிக்கு விளக்கினேன்.

“அப்ப அவர் எந்த நாட்டு ஆள், மாமா?”

“அமெரிக்காவிலதான் பிறந்தார்...” என்று இழுத்தேன். என் மாணவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை.

8.45. அலுவலகத்தில் எங்கள் வரிசை எண் 47. படிவத்தை முந்தின நாளே நான்தான் நிரப்பியிருந்தேன். கமலா ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள்.

“பிறந்தபோது குடியுரிமை இலங்கை எண்டு எழுதியிருக்கிறியள். பிழை அண்ணை.”

“இலங்கையில, ஹட்டன்லதானே பிறந்தே?”

“இந்தியாவிலையிருந்து வந்த தேயிலைத் தோட்டத்து ஆக்களுக்கு அங்கை எங்கை தந்தவை? இந்தியாவும் தரேல்லை. இலங்கை தந்தது எவ்வளவோ பிறகு.”

பொய் எழுதினால் விண்ணப்பமே போய்விடும். உண்மை என்றால் எந்த நாட்டை எழுதுவது?

“அண்ணை, நீங்கள் பிறக்கேக்க எந்த நாடு?”

நானும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன்தான். அப்பா இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டார், சித்தப்பா இலங்கைக் குடியுரிமைக்கு. ஒன்பது வயதில் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறினேன். அதற்கு முன்? சட்ட வாத்தியாருக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

துளசி நோர்வேஜிய மொழியில் விளக்கியதும், அதிகாரி அம்மா நான் எழுதியதை அடித்துவிட்டு வேறொரு சொல்லை எழுதினார். நாடற்றவர் என்று அர்த்தமாம். கமலா அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

“பாத்தியளே, இஞ்சை அதுக்கும் ஒரு சொல் வைச்சிருக்கினம்.”

திரும்பும் ரயிலில் துளசி கேட்டாள்: “அம்மா, நாளைக்கு உங்களைப் பற்றியும் கதைக்கட்டே?”

“வேண்டாம். முதல்லை கிடைக்கட்டும்.”

மே 19, சென்னை விமான நிலையம். வருகை அட்டையின் குடியுரிமைக் கட்டத்தில் ‘இந்தியா’ என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா மட்டும் அன்று சித்தப்பாவோடு சேர்ந்து இலங்கைக்கு மனுப் போட்டிருந்தால்? அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பினார்.

கமலாவுக்கு இன்னும் குடியுரிமைக் கடிதம் வரவில்லை.