ஊசி முனை எங்கே?

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன், பினாங்கு சூலியா தெருவில் குடியிருந்தோம். என் கைக்குழந்தைக்காகப் பழைய சேலைகளை அடுக்கி விரிப்புத் தைத்தேன். துணியை நினைத்தபடி திருப்பிப் பூப்போட வேண்டுமென்று, தையல் மிஷினில் துணியை அழுத்தும் காலைக் கழற்றி, அதை நகர்த்தும் பல்லைத் தகரத்தால் மூடியிருந்தேன்.

பக்கத்து வீட்டு மரியம் அக்கா, நோன்யா என்னும் உள்ளூர்ச் சீனப் பெண்கள் உடுத்தும் கெபாயா சட்டைக்குப் பூத்தையல் போடுபவள். "காலு இல்லாதப்ப வெடுக்குன்னு இழுக்காத, ஊசி முறியும்" என்றாள். பொறாமை என்று நினைத்தேன்.

கடைசிப் பூவில் ஊசி பட்டென்று முறிந்தது. வேறு ஊசி மாட்டித் தைத்து முடித்து, குழந்தையை விரிப்பில் கிடத்தினேன். காலை உதைத்துச் சிரித்தான்.

அக்கா ஓடிவந்தாள். "ஊசி முறிஞ்ச சத்தம் கேட்டுச்சு. உடனே மறுபடி மிஷின் ஓடுது. முனையைத் தேடவே இல்லையா?"

"கீழ விழுந்திருக்கும்க்கா."

"புள்ளையத் தூக்குலா!"

தூக்கினேன். அக்கா வெறும் உள்ளங்கையை விரிப்பின் மேல் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். மகன் தலை இருந்த இடத்தில் கை நின்றது. விரிப்புச் சேலையில் அவள் கையின் ரத்தப் பொட்டு பரவியது.

"ஆங், இங்கதான் இருக்கு" என்று சிரித்தாள்.

விரிப்பு கிழியும்வரை அந்தப் பொட்டை நான் வெளுக்கவிடவில்லை.