கேள்விக்குறியும் குள்ளச் சுழியோடியும்

ஏரிக்கரையில், நாணல் முடியும் இடத்தில், பலகையால் அடித்த ஒரு சிறு குடில் இருந்தது. பறவை பார்ப்பவர்கள் மழைக்கும் காற்றுக்கும் அதற்குள் ஒதுங்குவார்கள். சுவரில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் தடித்த கொப்பி ஒன்று, நூலில் கட்டிய பென்சில். கண்ட பறவையை யாரும் அதில் எழுதலாம். வாய் திறக்கத் தேவையில்லை என்பதால்தான் அந்தக் கொப்பியை எனக்குப் பிடித்தது.

எனக்கு அப்போது பேருந்து கழுவும் வேலை. விடியுமுன் தொடங்கி மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும். ஒஸ்லோவில், ஹொல்ம்லியா பகுதியில் இருந்த வீட்டுக்கு நேரே போகாமல் ஏரியடியில் இறங்கி ஒரு மணித்தியாலம் நிற்பேன். அப்படிப் போகத் தொடங்கிய முதல் இலையுதிர் காலத்தில் ஒருநாள் கரண்டி போல் அலகுள்ள வாத்து ஒன்றைக் கண்டேன். நோர்வேஜிய மொழியிலும் அதன் பெயர் கரண்டி வாத்துத்தான். அரிதாக வரும் பறவை. எழுத்துப் பிழை வந்துவிடக்கூடாது என்று உள்ளங்கையில் எழுதிப் பார்த்துவிட்டுக் கொப்பியில் எழுதினேன். மறந்து விட்டுவந்த கையுறையை எடுக்க மாலையில் திரும்பிப் போனபோது என் வரிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

பத்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். என் கணக்குக் கொப்பியில் ஆசிரியர் போட்ட கேள்விக்குறிகள் எனக்கு மறக்கவில்லை. இதுவும் அப்படித்தான் இருந்தது. பிறகு இரண்டு வருடம் அந்தக் கொப்பியைத் திறக்கவே இல்லை. கடைசிப் பக்கத்தில் முன்பே என் கைபேசி இலக்கத்தை எழுதியிருந்ததால் மற்றவர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. எங்கே எந்தப் பறவை நிற்கிறது என்று ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். நான் வாசிப்பேன். ஒன்றும் அனுப்பமாட்டேன்.

ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. வேலை முடித்து, ஏரியையும் பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது செய்தி வந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் மனைவிக்கு என்னைவிட நல்ல நோர்வேஜிய மொழி. அவளிடம் கேட்டேன்.

"திராமன் ஆத்திலை ட்வெர்க்டிக்கர் எண்டு போட்டிருக்கு. ட்வெர்க் எண்டால் என்ன?"

"குள்ளன்."

"டிக்கர்?"

"சுழியோடி. என்னப்பா, குள்ளச் சுழியோடி ஒருத்தனையோ கண்டவையாம்?"

நூலகத்திலிருந்து எடுத்துவந்த பறவைப் புத்தகத்தைத் தேடிப் புரட்டினேன். பெயருக்கு நேரே படம் இருந்தது. வாத்துக் குஞ்சளவு, மண்ணிற உடம்பு, பஞ்சுபோல உப்பிய பின்பக்கம். சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படத்தை இன்னும் கிட்டக் கொண்டுவந்து பார்த்தேன்.

"ஏன், பேயைக் கண்ட மாதிரி இருக்கிறியள்?"

"இது முக்குளிப்பான். மூண்டு நாளா எங்கடை ஏரியிலை நிக்குது. இண்டைக்கும் கண்டனான்."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"முக்குளிப்பானைக் கண்டனான் எண்டு ஆரும் சொல்லுவினமே? காகத்தைக் கண்டனான் எண்டு சொல்லுற மாதிரியெல்லோ!"

எங்கள் ஊர்க் குளங்களில் எண்ணிக்கை இல்லாமல் மிதந்த பறவை அது. இங்கே அது அருமை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த செய்தி வந்தது. கொப்பியைப் பராமரிக்கும் மூதாட்டி எழுதியிருந்தார். ஒஸ்லோவுக்குள் இந்தப் பறவையை ஒருநாளும் காணக் கிடைக்கவில்லை, நாளைக்கு முதல் ரயிலில் திராமன் நகருக்குப் போகிறேன், முழங்கால் சரியில்லை, தொலைநோக்கியைத் தூக்க யாராவது வருவீர்களா என்று கேட்டிருந்தார். மஞ்சள் மழைச்சட்டையும் ஊன்றுகோலுமாக அவரைத் தூரத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். தலையாட்டுவார், நானும் ஆட்டுவேன். அவ்வளவுதான்.

"அனுப்புங்கோ" என்றாள் மனைவி.

"நம்பாயினம். திருப்பியும் கேள்விக்குறி போடுவினம்."

"ஓம், அந்த மனுசி நொண்டி நொண்டித் திராமனுக்குப் போய் வரட்டும். உங்கடை கேள்விக்குறியைப் பத்திரமா வைச்சிருங்கோ."

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். பதற்றத்தில் 'குள்ள' என்பதற்கான சொல்லை மறந்து, 'சின்ன' என்று போட்டுவிட்டேன். அனுப்பிய பிறகு மனைவியிடம் காட்டினேன். அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சின்னச் சுழியோடி ஒருத்தர் மூண்டு நாளா எங்கடை ஏரிக்குள்ளை நிக்கிறாராம்! ஐயோ, பொலிசுக்குச் சொல்லப்போகினம்!"

ஒரு நிமிடத்தில் யாரோ பதில் போட்டார்: "ஒட்சிசன் போத்தலோடா?" அதற்கடுத்து மூதாட்டி: "வருகிறேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு பேர் குடிலடியில் நின்றார்கள். தூறல். ஏரி வெறுமையாகக் கிடந்தது. ஆறு தொலைநோக்கிகளும் நடுத் தண்ணீரை மேய்ந்தன. கால் மணி போனது. ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் தன் மணிக்கூட்டைப் பார்த்தார். மூதாட்டி ஊன்றுகோலை மாற்றி மாற்றிப் பிடித்தபடி நின்றார்.

முக்குளிப்பான் மூழ்கிய இடத்தில் எழும்பாது. ஆள் அரவம் கேட்டால் நாணலுக்குள் போய்த் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கும். நான் நடுத் தண்ணீரை விட்டுவிட்டு நாணலின் காலடியைப் பார்த்தேன். ஒரு தண்டுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இலேசாக ஒரு வளையம் விரிந்தது.

"அங்கை!" என்று கத்திவிட்டேன். தமிழில். எல்லோரும் என் கை காட்டிய பக்கம் திரும்பினார்கள். குட்டித் தலை ஒன்று, பிறகு பஞ்சுப் பின்பக்கம். ஒரு துள்ளல், மறுபடி தண்ணீருக்குள்.

மூதாட்டி "ஓ" என்று மட்டும் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்து, விடாமல் குலுக்கினார். ஒட்சிசன் கேட்டவர் தானே வந்து தன்னை அறிமுகப்படுத்தி என் முதுகில் தட்டினார்.

குடிலுக்குள் மூதாட்டி பென்சிலை என்னிடம் நீட்டினார். எங்கிருந்து துணிவு வந்ததோ, கேட்டேன்: "கேள்விக்குறி போடுவீர்களா?"

அவருக்கு விளங்கவில்லை. கரண்டி வாத்தின் கதையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டிக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறிகள். அவர் தன் கையால் எழுதிய வரிகளுக்குப் பக்கத்திலும் இருந்தன.

"ஒருவர் மட்டும் கண்டால் கேள்விக்குறி. 'இன்னும் ஒருவர் போய்ப் பாருங்கள்' என்பதற்காகப் போடுவது. இரண்டாவது ஆள் கண்டதும் அழித்துவிடுவோம். உம்முடைய கரண்டி வாத்தை நான் அடுத்த நாளே கண்டேனே. இதோ, அழித்திருக்கிறேன். நீர் பார்க்கவில்லையா?"

என் வரி இருந்தது. பக்கத்தில் அழிறப்பர் தேய்த்த தடம் மட்டும். இரண்டு வருடமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் தொற்றிக்கொண்டது.

பறவையின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். ஏழு பேர் கண்டதால் கேள்விக்குறி தேவைப்படவில்லை.

ஞாயிறு காலை எனக்கு வேலை இல்லை. ஆனாலும் போனேன். நாணல் ஓரத்தில் அது முழுகி முழுகி எழும்பியது. கைபேசியை எடுத்து, யாரிடமும் கேட்காமல், எல்லோருக்கும் அனுப்பினேன்: "குள்ளச் சுழியோடி இன்னும் நிற்கிறார். ஒட்சிசன் போத்தல் இல்லை. நானே பார்த்தேன்."